பாவாடைக்குள் ஒன்பது பேர்

அமெரிக்காவின் டுலூத் நகரத்துக் கிறிஸ்துமஸ் பாலே நடனத்தில் மிட்டாய்க் கிழவியின் பாவாடைக்குள் எட்டுக் குழந்தைகள் நுழைவார்கள், ஒன்பது பேர் வெளியே வருவார்கள். 1974 டிசம்பரிலிருந்து இப்படித்தான்.

பத்தடி அகலப் பாவாடைக்குள் பொய்க்கால் கட்டி நிற்கும் கிழவி, கொதிகலன் பழுதுபார்க்கும் ஆர்வில் கோஸ்கி. ஆடும் பிள்ளைகளில் ஒருவரின் அப்பா அந்த வேடம் போடுவது வழக்கம். அந்த வருடம் ஆர்விலின் மகள் ட்ரூடி எட்டுப் பேரில் ஒருத்தி. ஒத்திகைக்குக் காய்ச்சலோடு வந்தவள், மூளைக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் செவ்வாய்க்கிழமை செத்துப்போனாள். தைத்து வைத்திருந்த ஆட்ட உடுப்பிலேயே புதைத்தார்கள். வியாழக்கிழமை அவள் இடத்தில் வேறு பிள்ளையைச் சேர்த்தார்கள். பொய்க்காலில் நடக்கத் தெரிந்த ஆள் வேறில்லை என்று வெள்ளிக்கிழமை ஆர்விலையே மேடையேற்றினார்கள். கேட்டவர்களுக்கும் சரி, சம்மதித்தவனுக்கும் சரி, என்ன மனசோ! அன்று ஒன்பதாவதாக ட்ரூடி வந்தாள். ஒத்திகையில் எப்போதும் செய்வதுபோல ஒரு இடத்தில் இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் திரும்பினாள். இசை முடிந்ததும் மற்றவர்களோடு பாவாடைக்குள் போனாள். தூக்கிப் பார்த்தபோது எட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

ஊர் முதலில் அரண்டது, பிறகு பழகிக்கொண்டது. வாத்தியக்குழு கொஞ்சம் அவசரம், ஒன்பதாவது சிறுமி பரவாயில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. மூன்றாம் வருடம் நிகழ்ச்சித்தாளிலேயே ஒன்பது குழந்தைகள் என்று அச்சடித்துவிட்டார்கள்.

ஊரே பார்த்தது. பார்க்காதவன் ஆர்வில் ஒருவன்தான். பாவாடை விளிம்பு அவனுக்கு ஐந்தடி தள்ளி இருந்தது, பிள்ளைகள் அதை ஒட்டியே கீழே ஆடினார்கள். பஞ்சு அடைத்த மார்பைத் தாண்டிக் குனிந்தால் குப்புற விழவேண்டியதுதான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் மனைவி லவோன், வீடு திரும்பும்போது காரில் சொல்வாள்.

"இன்னைக்கும் தப்பாத்தான் திரும்பினா."

"தலை?"

"ரெட்டைப் பின்னல்."

கேட்டுக் கேட்டு அவனுக்கு வயிறு எரிந்தது. ஏழாம் வருடம் ஒரு பல் மருத்துவருக்குப் பொய்க்கால் பழக்கிவிட்டு, லவோனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எட்டுப் பேர் நுழைந்தார்கள், எட்டுப் பேர் வந்தார்கள்.

"உன்னை யாரு ஆர்வில் கீழ எறங்கச் சொன்னது?" லவோன் அவன் தோளில் அறைந்தாள். "வருஷத்துக்கு ரெண்டு நிமிஷம் கெடச்சுது. அதுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். பெனிட்டா என்ற சிறுமியிடம் குனிந்து கேட்டான். "ட்ரூடி இன்னைக்கு வரலையாம்மா?"

"வந்தாளே மிஸ்டர் கோஸ்கி. மேல நிக்கிறது எங்கப்பாதானேன்னு எப்பவும் கேப்பா. ஆமான்னு சொன்னாதான் வெளிய ஓடுவா. இன்னைக்கும் கேட்டா. நாங்க பொய் சொல்லலை."

"அப்புறம்?"

"இருட்டுலயே உக்காந்துட்டா. கையப் புடிச்சு இழுத்தோம், வரமாட்டேன்னுட்டா."

ஆர்வில் அங்கேயே சுவரோரம் சரிந்து அழுதான். மறுநாள் மதிய ஆட்டத்துக்குப் பொய்க்கால்களை அவனே கட்டிக்கொண்டான். அதன்பின் இருபத்தாறு கிறிஸ்துமஸ், இரண்டு முழங்காலும் தேய்ந்துபோகும்வரை கட்டிக்கொண்டிருந்தான். மகளைப் பார்க்கும் ஆசையை லவோனிடம்கூடப் பிறகு சொல்லவில்லை. திரைக்குப் பக்கத்தில் காத்து நிற்கையில், கீழே துணிக்குள் ஒரு குசுகுசுப்பு எழும். மற்றப் பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் அவனே பதில் சொல்லிவிடுவான்.

"நான்தான்டா கண்ணு. போய் ஆடு."

பிறகு மேடைக்குள் நடந்து, நேரே விளக்கைப் பார்த்து, வேடத்துக்கு வேண்டிய சிரிப்பைச் சிரிப்பான்.