லண்டனுக்குப் போன ஆட்சேபம்

வளைகுடாவில், ரோலா பகுதியில் ஏழு பேர் தங்கியிருந்த அந்த அறைக்கென்று தனியாக ஒரு சட்டசபை உண்டு என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பொன்னுச்சாமியும் முதலில் சிரித்தவன்தான். தன் தலையிலேயே ஒரு சட்டம் வந்து விழுந்த பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது.

எல்லாம் ரஜிதன் ஆரம்பித்து வைத்தது. யாழ்ப்பாணத்துக்காரன், பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆபீசில் வேலை. ஆறு மாதமாக அவன் தட்டிக்கொண்டிருந்தது, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் ஆண்ட ஏதோ ஒரு தீவின் சட்டசபைக் குறிப்புகள். யார் எழுந்தார், யார் முறைத்தார் என்பது வரை அதில் இருக்குமாம். சாப்பிடும்போது அதையே கதையாகச் சொல்வான். நடுவில் கவர்னர் உட்காருவார். ஒரு பக்கம் சம்பளம் வாங்கும் அதிகாரிகள். மறுபக்கம் கவர்னரே பார்த்து நியமித்த வியாபாரி, தோட்டத்துரை, ஊர்ப் பெரிய மனிதர் என்று சிலர். அதிகாரிகள் மனதில் என்ன நினைத்தாலும் கையைக் கவர்னருக்குத்தான் தூக்க வேண்டும். மறுபக்கத்தார் தொண்டை வறளப் பேசிவிட்டுத் தோற்றுப் போகலாம்.

அறைக்குப் பொறுப்பாளர் பழனிச்சாமிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காதா பின்னே? வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். சைட்டில் சாரம் கட்டும் ஆட்களுக்கு அவர்தான் போர்மேன்; அந்த ஆட்களில் நாலு பேர் இதே அறை. ஆக, கவர்னர் அவரே; நாலு அதிகாரிகளும் தயார். பொன்னுச்சாமியும் ரஜிதனும் மட்டும்தான் மறுபக்கம்.

"இனிமே ரூம்ல சண்டை சச்சரவு கிடையாது. எதுவா இருந்தாலும் கவுன்சில்ல பேசு," என்று அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் சபை கூடும். எந்தச் சட்டத்தையும் மூன்று வாரம் மூன்று தடவை வாசித்துத்தான் நிறைவேற்ற வேண்டும். ரஜிதன் நோட்டில் எழுதிக்கொள்வான். குளியலறை வரிசைச் சட்டம், காஸ் சிலிண்டர் சட்டம் எல்லாம் ஜாம்ஜாமென்று நிறைவேறின. அதன் பிறகு வந்ததுதான் சத்தச் சட்டம்.

'அறைக்குள் யாரும் போனில் உரக்கப் பேசக்கூடாது' என்று பொதுவாக எழுதியிருந்தாலும் அது யாருக்கான சட்டம் என்று சுவருக்குக்கூடத் தெரியும். பொன்னுச்சாமியின் மனைவி ஜெயலட்சுமிக்குக் காது மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தான். காதுக்குள் விசிலடிக்கிறது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். எழுதி அனுப்பலாமென்றால் அவளுக்குப் படிக்க வராது. ஆகவே தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டிம் ஆப்பில் வீடியோ கால் போட்டு அவள் முகத்தைப் பார்த்து இவன் கத்துவான்: "சாப்புட்டியா?" அவளும் அங்கிருந்து கத்துவாள். வராந்தாவுக்குப் போனால் வைஃபை எட்டாது. சட்டம் வந்தால் பேச்சு போச்சு. அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் அவன் பதினோரு வருடத்தை இங்கே ஓட்டியிருந்தான்.

இரண்டாம் வாசிப்பில் எழுந்து நின்று பேசிப் பார்த்தான். "அவளுக்குக் காது கேக்காதுண்ணே. நான் வேணும்னேவா கத்துறேன்?"

"அதுக்கு ரூம் என்னய்யா பண்ணும்? டூட்டி முடிஞ்சு வந்தவன் அரைமணி நேரம் கண்ணசர வேண்டாமா?" என்றார் பழனிச்சாமி.

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பொன்னுச்சாமியை இன்னும் வாட்டியது. மூன்றாம் வாசிப்பில் ஐந்துக்கு இரண்டு என்று சட்டம் நிறைவேறியபோது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரஜிதன் நோட்டை மூடவில்லை. "இன்னும் முடியேல்லை அண்ணை. தோத்த ஆக்கள் ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாம். அதைக் கவர்னர் லண்டனுக்கு அனுப்பத்தான் வேணும். மேலிடம் வேண்டாமெண்டால் சட்டம் செல்லாது."

"தாராளமா அனுப்புறேன்யா," என்று பழனிச்சாமி மீசையைத் தடவினார். "எனக்கு மேல எவன் இருக்கான்?"

"ராக்கம்மா மதினி இருக்காங்களே," என்றான் அன்பரசன். நாலு அதிகாரிகளில் ஒருவன், பழனிச்சாமியின் சொந்த ஊர்க்காரன். இத்தனை வாரத்தில் கை தூக்கியதைத் தவிர அவன் வாய் திறந்ததே இல்லை.

சபை குலுங்கிச் சிரித்தது. பழனிச்சாமியும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எப்படிப் பின்வாங்குவது? பொன்னுச்சாமி சொல்லச் சொல்ல ரஜிதன் எழுதினான். கவர்னர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு மனைவியை அழைத்து, ஸ்பீக்கரில் வைத்து, ஆட்சேபத்தைக் கம்பீரமாகவே வாசித்தார்: "மெதுவாகப் பேசினால் என் உதடு அசைவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நான் பக்கத்தில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கும். ஆகவே இந்தச் சட்டத்தை ஆட்சேபிக்கிறேன்."



"அந்த அண்ணே தெனமும் என்னதான் கேப்பாரு?" என்றாள் ராக்கம்மா.

"என்னத்தக் கேப்பான்? சாப்புட்டியான்னுதான். பில்டிங்கே அதிருது."

"அவரு கத்தியாவது கேக்குறாரு. நீங்க மெதுவாக்கூட ஒருநாள் கேட்டதில்லையே."

ரஜிதனின் பேனா நின்றுவிட்டது. பழனிச்சாமி விட்டத்தைப் பார்த்தார். அங்கே ஏசியைத் தவிர ஒன்றுமில்லை. போனை உதட்டோடு ஒட்டிவைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "சாப்புட்டியா?" என்றார்.

"என்ன? கேக்கலை."

ராக்கம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"சாப்புட்டியாடின்னு கேட்டேன்!" என்று பழனிச்சாமி கத்தினார். பக்கத்து அறைக் கதவு திறந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ரஜிதன் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மேலிடத்துத் தீர்ப்புப்படி சட்டம் செல்லாது என்று நோட்டில் எழுதினான். பிற்பகல் மூன்றுகூட ஆகவில்லை. பொன்னுச்சாமி ஏழு மணி வரை காத்திருக்கவில்லை.