ஒன்றரை மூடி மருந்து

வேலைக்குக் கிளம்புமுன் தன் கினிப்பன்றி சிஸ்பாவின் கூட்டைச் சுத்தம் செய்வது மினிபஸ் ஓட்டுநர் வில்பரின் வழக்கம். பெரு நாட்டின் உவான்காயோவில் கினிப்பன்றி வளர்ப்பதே கறிச்சட்டிக்குத்தான். சிஸ்பாவும் அதற்காக வாங்கப்பட்டவள்தான். ஆனால் வந்த அன்றே வில்பரின் மடியில் ஏறித் தூங்கிவிட்டாள். அன்று அவன் மனைவி நெலிதா மீன் பொரித்துச் சமாளித்தாள்.

ஒருநாள் காலை, சிஸ்பாவின் புழுக்கையில் வெள்ளை நூல் போல ஏதோ நெளிந்தது. சில வாரங்களாகவே அவள் இளைத்துக்கொண்டு வந்தாள்.

"புழுதான். டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ" என்றாள் நெலிதா.

"இத்தனூண்டு பிராணிக்கு டாக்டரா? ஸ்டாண்டுல மானத்த வாங்கிருவானுங்க."

"மடியில வச்சுக் கொஞ்சுறப்ப போகாத மானமா?"

வில்பர் நேராகச் சந்தைக்குப் போனான். கால்நடை மருந்து விற்கும் கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து வைத்தார். "மாட்டுக்கே கேக்குற மருந்து. ஒரு மூடி ஊத்து, போதும்."

சீக்கிரம் குணமாகட்டும் என்று வில்பர் ஒன்றரை மூடி ஊற்றினான்.

மாலையில் வீடு திரும்பியபோது கூட்டில் சத்தமே இல்லை. சிஸ்பா கால்கள் துவண்டு, வாயில் எச்சில் வழியக் கிடந்தாள். அவளைக் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

கால்நடை மருத்துவர் யெனி முதலில் அவளைத் தராசில் வைத்தார்.

"எவ்வளவு குடுத்தீங்க அண்ணே?"

"ஒரு மூடி." சற்றுப் பொறுத்து, "ஒன்றரை" என்றான்.

"மாடு நானூறு கிலோ. இவ எண்ணூறு கிராம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்தப் புழு சட்டுனு ஆளைக் கொல்லாது. புழுக்கையை டப்பாவுல போட்டுக் கொண்டு வந்திருந்தா, என்ன புழுன்னு பாத்து, எடைக்குத் தக்கபடி சொட்டுக் கணக்குல மருந்து குடுத்திருப்பேன். இப்போ முதல்ல இவ பிழைக்கணும்."

மூன்று நாள் வில்பர் வண்டியை எடுக்கவில்லை. அரைத்த தீனியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினான். நெலிதா வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அவளருகே வைத்தாள். நான்காம் நாள், நெலிதா குதிரைமசால் தீவனக் கட்டை அவிழ்த்த சத்தம் கேட்டு, கூட்டிலிருந்து சிஸ்பா மெல்ல "கூய்" என்றாள். வில்பர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நெலிதா அவன் தலையைத் தடவினாள்.

உடம்பு தேறியபின் யெனி சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தார். கூட்டைத் தினமும் கழுவச் சொன்னார். நாய்கள் திரியும் வாய்க்கால் ஓரத்துப் புல் வேண்டாம் என்றார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது புழுக்கையில் புழு இல்லை.

அந்த வாரமே ஸ்டாண்டில் செல்சோ என்ற ஓட்டுநர் கேட்டான்: "எம் பொண்ணோட முயலுக்கும் புழு இருக்கும் போல. சந்தையில என்ன மருந்துடா வாங்கின?"

"வாங்காத. புழுக்கையை டப்பாவுல எடுத்துக்க, முயலையும் தூக்கிட்டு வா. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"முயலுக்குப் போயி டாக்டரா?"

வில்பர் சிரிக்கவில்லை. "நானும் இப்படித்தான் கேட்டேன். புழு அவளைக் கொல்லல செல்சோ, நான்தான் கொல்லப் பாத்தேன். எங்க வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. அப்போ தெரிஞ்சவங்கள கேட்டு, எடை பாத்துக் குடுத்தாத்தான் அது மருந்து. குத்துமதிப்பா ஊத்துனா விஷம்."