சந்தனம் குடித்த ரேடியோ

காரில் இருந்த ரேடியோவின் திரையில் எண்கள் பாதி பாதியாகத்தான் தெரிந்தன. எந்த ஸ்டேஷன் ஓடுகிறது என்றே புரியாமல் முனிரத்தினத்துக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரகடம் ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் அவருடைய வாடகைக் காரில், வாங்கும்போதே பொருத்தி வந்த ரேடியோ அது. "ஓட்டை சாமானை நம்ம தலையில கட்டிட்டானுங்க" என்று ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவர், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திரையை மாற்றிவிடுவதென்று ஸ்ரீபெரும்புதூரில் கொம்பையாவின் ரேடியோ ரிப்பேர் கடைக்கு வந்தார். பூஜை சாமான் வாங்க மனைவி கிளியம்மாளும் கூட வந்திருந்தாள்.

கொம்பையா திருநெல்வேலிக்காரன். ரேடியோவை உருவித் திரையைக் கழற்றியவன் சிரித்துவிட்டான். "அண்ணாச்சி, உள்ள பூராவும் சந்தனம் காஞ்சு கெடக்கு. மாத்தவே வேண்டாம், தொடச்சாப் போதும்."

"எவன்டா ரேடியோவுக்குச் சந்தனம் வெச்சவன்?" என்று எகிறினார் முனிரத்தினம்.

"நீதான்யா," என்றாள் கிளியம்மாள். "போன பூஜைக்கு, இதுவும் சாமான்தானேன்னு அள்ளி அப்பினியே."

கொம்பையா துடைத்துப் பொருத்தியதும் எண்கள் முழுசாக, பச்சையாக எரிந்தன. வீடு வரைக்கும் ரேடியோவோடு சேர்ந்து முனிரத்தினமும் பாடிக்கொண்டே ஓட்டினார்.

மறுநாள் காலை ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்த கிளியம்மாளின் கை ரேடியோ பக்கம் போனது. "அய்யய்யோ, அதுக்கு வேணாம்டி!" என்று அலறினார்.

"அதுக்கு யாரு வெக்கறா? வண்டியில ஓயாம கத்தற சாமான் இன்னொண்ணு கீதே" என்று மிச்சச் சந்தனத்தை அவர் நெற்றியில் அப்பினாள்.