பெயர் போடாத ட்ரம்பெட்

2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. தோஹா தொழிற்பேட்டையில், டயர்க் கிடங்கு ஒன்றின் மாடியிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு பேர் ஜாஸ் வாசித்தார்கள்.

ஏசியின் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் வாசிக்கும்போதெல்லாம் அதை அணைத்து வைத்தார்கள். மூன்றாவது டேக் முடிந்தபோது நால்வரின் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஷாஜினி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். துபாயில் சின்னதாக ஒரு ஜாஸ் கம்பெனி நடத்துகிறவள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு ட்ரம்பெட் அவள் மைக்கில் விழுந்ததில்லை.

ஊதிய சுபின், அவள் ஊரான நாகர்கோவிலுக்குப் பக்கம், குறும்பனைக்காரன். கோயில் திருவிழா பேண்டில் பழகியவன். இப்போது ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் டெக்னீஷியன்.

"இதுதான் மக்களே. இனி ஊதாண்டாம்," என்றாள் அவனிடம்.

"அப்ப நான் கேம்புக்குப் போவட்டா அக்கா? காலத்த டியூட்டி." கதவருகே நின்றான். "ஒரு காரியம். ஆல்பம் கவர்ல எனக்க பேரு போடாண்டாம்."

"ஏம்லே?"

"விசா தந்த கபீல் அறிஞ்சா அத ரத்தாக்கிருவான். வேற எடத்துல சோலி பாத்தான்னு ஊருக்கு ஏத்தி விட்டுருவானுவ."

"நீ பைசாவே வாங்கலியே."

"அவனுவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

ஷாஜினி முன்பு சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்தவள். ஊரே முணுமுணுத்த பாட்டுகளில் வாசித்தவர்களின் பெயர் எங்கேயும் வராது. அந்த எரிச்சலில்தான் கம்பெனி தொடங்கினாள். வாசித்தவர் பெயரில்லாமல் ஓர் இசைத்தட்டுகூட அவள் வெளியிட்டதில்லை.

"ஓட்டல் பேண்டுல ட்ரம்பெட் ஊதுற ஒரு மணிலாக்காரர் இருக்காரு. அவர வச்சுத் திரும்ப எடுத்துருவேன். ஒனக்குச் சம்மதமா?"

"எடுங்க. இது மாதிரி இருக்குமா?"

"இருக்காது."

"பொறவு என்ன?" சுபின் சிரித்தான். "பேரு போடுங்கன்னு நானா கேட்டேன்? அது ஒங்களுக்குல்லா வேணும்."

உறைகளில் அச்சான பெயர்களை எல்லாம் வாசித்தவர்களுக்குச் செய்த மரியாதை என்றே இதுவரை எண்ணியிருந்தாள். இவனுக்கு மரியாதை என்பது எது? அவன் ஊதியதைத் தூக்கி எறிவதா?

அந்த வாரமே மணிலாக்காரரை அழைத்துப் பதிவு செய்தாள். பிசிறில்லாமல் வாசித்தார். பேசியபடி சம்பளம் கொடுத்து அனுப்பினாள். இரண்டு பதிவுகளையும் பல நாள் மாற்றி மாற்றிக் கேட்டாள்.

ஜனவரியில் சுபின் ஊதிய பதிவே வெளிவந்தது. உறையில் பியானோ, பேஸ், டிரம்ஸ் வாசித்த மூவரின் பெயர்கள் இருந்தன. ட்ரம்பெட் என்ற வரி இல்லை.