கத்தியின் கீழே ஓர் உறக்கம்

கீழ்வானம் வெளுத்து, கடைத்தெருவின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாய் முனகியபடி மேலே சுருள, பால்வண்டியின் மணியோசையும் துடைப்பத்தின் சரசரப்பும் ஒன்றுகலந்த காலைப்பொழுதில், தெருவின் வளைவிலிருந்த முடிதிருத்தகத்தின் நிலைக்கண்ணாடிகளில் இளவெயில் வந்து குடியேறிற்று. கற்றறிந்த நண்பரே, அங்கே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவனைச் சற்றே பாருங்கள். முன்பெல்லாம் அவன் கைக்காகவே காத்துக்கிடந்தோர் பலர். மனம் நோவுற்று, மருத்துவமனையில் சில திங்கள் தங்கி, நலம்பெற்று மீண்ட பின்னரோ அவன் நாற்காலி வெறுமையாகவே கிடந்தது. நலம் உசாவியவர்களும், நொந்தது மனமன்று, செவியே என எண்ணினார்போலும், உரக்கவும் நிறுத்தி நிறுத்தியும் கேட்டனர். கடைக்காரர் நல்லவர்தாம், எனினும் மழிக்கும் கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் துடைக்கும் துணியையே அவனிடம் தந்திருந்தார். ஊராரின் அச்சம் அவனையும் தொற்றிக்கொள்ள, தன் கையைத் தானே ஐயுறத் தொடங்கியிருந்தான்.

அன்று அவன் மனைவியின் தமையனார் இரவெல்லாம் பயணம் செய்து வந்திறங்கினார். பித்துப் பிடித்தவனோடு தங்கை வாழ்வானேன், கையோடு அழைத்துப் போவதே முறை என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார். அவளோ அவரைக் கடைக்கே அழைத்து வந்து, காத்திருந்தோர் அனைவரும் பார்க்க, கணவனின் நாற்காலியைக் காட்டினாள்.

"தாடியும் மீசையுமா வந்திருக்கே அண்ணே. உட்காரு, அவரு சவரம் பண்ணிவிடட்டும். அதுக்கப்புறமும் உனக்குப் பயமா இருந்தா நான் உன்கூட வந்துடறேன்."

தமையனார் முகத்தில் ஈயாடவில்லை. ஆயினும் நாலுபேர் நடுவே பின்வாங்க மனமின்றி அமர்ந்தார். கடைக்காரர் தயங்கித் தயங்கிப் பெட்டியைத் திறந்தார்.

"மச்சான், தலையைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சுக்கங்க" என்றான் அவன்.

நுரை பூசிய கழுத்தில் குரல்வளை ஏறி இறங்கிற்று. அது அடங்கும்வரை அவன் பொறுத்திருந்தான்; பிறகு கத்தியை வைத்தான். அவன் மறந்திருந்தாலும் கை மறக்கவில்லை. பூனைக்குட்டியை வருடுவதுபோல் அது மெல்ல இறங்கி வர, நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்தன, இமைகள் தாழ்ந்தன. சற்றுப் பொழுதில், திறந்த கழுத்தில் கத்தி ஊர்ந்துகொண்டிருக்கையிலேயே, தமையனாரிடமிருந்து குறட்டையொலி எழுந்தது.

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஓசைபடாமல் வானொலியை நிறுத்தினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் செய்யும் பெருமைகளில் இதனினும் பெரிது உண்டோ, சொல்லுங்கள். ஊர் கூடிப் பறித்த பெயரை ஒரு குறட்டை திருப்பித் தந்தது. அவனோ மழித்து முடித்தும், உறங்குகின்றவரை எழுப்ப மனமின்றி, கண்ணீர் வழிய அவர் தலைமாட்டில் நின்றுகொண்டேயிருந்தான்.