நூற்றுப்பத்து வோல்ற்று

றஸீனாவின் புருஷன் பதியுதீன் சவூதியிலிருந்து அனுப்பிய மெஷின் ஒரு மாதமாக அலுமாரியின் மேலேயே இருந்தது. மகள் நபீஸாவுக்கு ஐந்து வயது. மாரி மழை தொடங்கினால் அவளுக்கு மூச்சிழுப்பும் தொடங்கிவிடும். மருந்தைப் பனிப்புகாராக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் இப்படியொரு மெஷின்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் அவளைக் காப்பாற்றியிருந்தது. வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று, ஊருக்கு வந்த ஒருவரிடம் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டிருந்தான்.

ஆனால் அது ஓடுவது நூற்றுப்பத்து வோல்ற்றில். காத்தான்குடியில் வருவதோ இருநூற்று முப்பது. முன் தெருவில் ஒருவருக்கு அப்படி வந்த கிரைண்டர், செருகிய கையோடு புகைந்து போனதை றஸீனா கண்ணால் பார்த்திருந்தாள். வயர் வேலை செய்யும் மஜீட் காக்கா, வோல்ற்றைக் குறைக்கும் பெட்டியொன்று கொழும்பிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். சண்டையால் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்ததில் அது வந்து சேரவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நவம்பர். ஒரு பின்னேரம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கல்லடிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அரை மணித்தியாலத்தில் ஊரடங்கு. அந்த நேரம் பார்த்து நபீஸாவுக்கு இழுக்கத் தொடங்கியது. குளிசை கொடுத்தும் கேட்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் இடையில் தோல் உள்ளே போய் வந்தது. பேச வாயெடுத்தவள் பாதிச் சொல்லில் நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா வேலி இடுக்கால் ஓடி வந்தார்.

"ஒரு வாகனமும் போகாது புள்ள. சந்தியில ஆமி நிக்கி. அந்த மெஷினைப் போட்டுப் பாரன்."

"அப்பிடியே கரண்டில குத்தினா எரிஞ்சிரும் ராத்தா. ஒரு மெஷின்தானே இரிக்கி."

சொன்னவள் சட்டென்று நின்றாள். றஸீனா பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் தொண்டராசிரியை. வோல்ற்று, ஓட்டம், தடை, வலு என்று கரும்பலகையில் எத்தனை கணக்குப் போட்டிருக்கிறாள்! எல்லாம் மனதுக்கு வந்தபடி போட்ட எண்கள். மெஷினை இறக்கி அடியிலிருந்த தகட்டைப் பார்த்தாள். நூற்றுப்பத்து வோல்ற்று, ஒரு அம்பியர். கலண்டர்த் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள். வோல்ற்றை ஓட்டத்தால் பிரித்தால் தடை.

"நூற்றுப்பத்து ஓம்..."

"ஆருக்குப் புள்ள ஓம், சரி எண்டு சொல்றாய்?" ஆயிஷா உம்மா கேட்டார்.

"தடையை அப்பிடித்தான் அளக்கிற, ராத்தா."

மிச்சம் நூற்றிருபது வோல்ற்றை வழியிலேயே வேறொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு அம்பியரில் அது நூற்றிருபது ஓம். வோல்ற்றை ஓட்டத்தால் பெருக்கினால் வலு, நூற்றிருபது வாற்று. அவ்வளவு சூட்டையும் தாங்கக்கூடியது வீட்டில் என்ன? அண்ணாந்து பார்த்தாள். நூறு வாற்று பல்ப்.

இருநூற்று முப்பது வோல்ற்றில் நூறு வாற்று என்றால் ஓட்டம் அரை அம்பியரும் இல்லை. தடை ஐந்நூறு ஓமுக்கு மேலே. ஒன்றைப் போட்டால் மெஷின் அசையாது. நான்கைப் பக்கம் பக்கமாகப் போட்டால் தடை நாலிலொன்றாகும், நூற்று முப்பத்துச் சொச்சம். இரண்டாந்தரமும் போட்டுப் பார்த்தாள். அதே விடை.

"ராத்தா, நீங்க கலியாண வீடுகளுக்கு வாடகைக்குக் குடுக்கிற, வரிசையாப் பல்ப் பூட்டுற லைற் பலகை இரிக்கா? நூறு வாற்று பல்ப் நாலும் வேணும். கெதியா!"

ஆயிஷா உம்மா பலகையோடு திரும்பி வருவதற்குள் றஸீனா மெஷினின் வயர் இரண்டில் ஒன்றை வெட்டி முனைகளைச் சீவியிருந்தாள். நடுவில் பலகையை இணைத்து, முடிச்சுகளை ரேப்பால் சுற்றினாள். ஆஸ்பத்திரி அட்டையில் எழுதியிருந்த அளவுக்கு மருந்தை ஊற்றினாள்.

"பிஸ்மில்லாஹ்."

ஒரு பல்ப். மெஷின் முனகியது, ஓடவில்லை. சுவிச்சை நிறுத்தி இரண்டாவதைப் போட்டாள். மெஷின் அதிர்ந்தது, அவ்வளவுதான். மறுபடி நிறுத்தி மூன்றாவது. பல்புகள் மங்கிச் சிவந்து நிற்க, மெஷின் ஒரே சீராக இரைந்தது. முகமூடிக்குள் வெள்ளைப் புகார் எழும்பியது.

நாலாவது பல்ப் கையிலிருந்தது. கணக்கில் நாலு. ஆனால் பல்புகள் பாதி வெளிச்சத்தில்தான் எரிகின்றன. முழுச்சூடு ஏறாத இழைக்குத் தடை குறைவு என்பது அப்போதுதான் அவள் மூளையில் ஓடியது. மூன்றே போதும். நாலாவதைக் கட்டிலில் வைத்துவிட்டு மகளை மடியில் தூக்கினாள்.

"இழு மகள். இன்னும் இழு."

பத்து நிமிடம் கழித்து விலாவின் அந்தத் துடிப்பு அடங்கியது. பிள்ளை முகமூடியைத் தள்ளிவிட்டு, "உம்மா, மூக்கெல்லாம் ஈரம்," என்றாள். முழு வசனம். நடுவில் நிற்காமல் வந்த வசனம். றஸீனா வாய்விட்டு அழுதாள். "அல்ஹம்துலில்லாஹ். இப்ப என்னத்துக்குப் புள்ள அழுற?" என்ற ஆயிஷா உம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விடிந்து ஊரடங்கு எடுத்ததும் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு கிளியரா இரிக்கு. வாட்டில மறிச்சு வைக்கத் தேவையில்ல, கூட்டிக்கொண்டு போங்க."

திரும்பி வரும்போது பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. நபீஸா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வாவியில் நின்ற தோணிகளை உரத்து எண்ணத் தொடங்கினாள். மூச்சு வாங்காமல் பதினேழு வரை போனாள். நடுவில் பதினாலு தவறிப்போனது. றஸீனா திருத்தவில்லை.