தொண்ணூற்று மூன்றாவது வரி

குண்டு பட்டால் ஆள் சாக வேண்டும். என் கட்சி அவ்வளவுதான். இதைச் சொன்ன குற்றத்துக்காக என்னைவிட இருபது வயது இளையவன் ஒருவனோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அவன் பெயர் டெனிஸ். டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. லிங்கன் நகரத்தில் காலேஜ் படித்தபோது பூதமும் டிராகனும் வருகிற மேசை ஆட்டம் ஒன்று ஆடிப் பழகிவிட்டு வந்தவன். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று உண்டாம். வெட்டு விழுந்தால் புள்ளி குறையுமாம். கடைசிப் புள்ளி தீரும்வரை ஆள் குத்துக்கல்லாக நிற்பானாம்.

"நாப்பது புள்ளிக்காரனுக்கு ஏழு குண்டு பட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"குறையும், வெர்லின்."

"குறைஞ்சு? வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்குவானா? என் கடைக்கு வா. பன்னிக்கு உயிர்ப்புள்ளி எந்த இடத்துல இருக்குன்னு காட்டு, பாப்போம்."

எனக்குக் கறிக்கடை. சுற்றுவட்டார விவசாயிகள் மாட்டையும் பன்றியையும் கொண்டுவந்து விடுவார்கள்; அறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷம். எலும்பு எங்கே, ரத்தக்குழாய் எங்கே என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு துப்பாக்கிக்கால ஆட்டம் உண்டாக்கியபோது, காய அட்டவணை என் தலையில் விழுந்தது. நூறு வரி. நானே டைப் அடித்தேன். யாருக்கும் சலுகை கிடையாது.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆளுக்கு ஒரு பழங்கால ஆசாமியைக் கற்பனை செய்து, பெயர் வைத்து, அவனாகவே பேச வேண்டும். கோர்ட்டில் பத்திரம் பதிகிற மார்லிஸ்தான் ஆட்டத்தை நடத்துவாள். கொள்ளைக்காரன், ஷெரிப், மழை, குதிரை எல்லாம் அவள். யாராவது சுட்டால் பத்துப் பக்கப் பகடை இரண்டை உருட்ட வேண்டும். சிவப்பு பத்தாம் இடம், வெள்ளை ஒன்றாம் இடம். விழுந்த எண்ணுக்கு என் தாளில் ஒரு வரி இருக்கும். பதினேழு என்றால் காது மடல் போயிற்று. நாற்பத்தொன்று என்றால் தொடை எலும்பு, ஆயுளுக்கும் நொண்டல்.

சுட்டவன் உருட்ட வேண்டும், பட்டவன் படிக்க வேண்டும். படிப்பவனைத் தவிர யாரும் தாளை எட்டிப்பார்க்கக் கூடாது; அவன் சொன்னதுதான் முடிவு. எழுபத்தொன்பதாம் வருஷம் நாலு தலையும் ஒரே தாளின்மேல் முட்டி, காபி கொட்டி, என் சட்டை கிழிந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. செத்த ஆளின் விவரத்தாள் ஒரு காலி காபி டப்பாவுக்குள் போகும். அந்தப் பெயரை மறுபடி யாரும் வைக்கக் கூடாது.

எண்பத்து நாலு ஏப்ரலில் என் ஆள் ஹேவர்டி செத்தான். நாலு வருஷம் வளர்த்தவன். விழுந்தது தொண்ணூற்று மூன்று. நான் எழுதிய வரியை நானே வாய்விட்டுப் படித்தேன். "இதயம். தரையில் விழுமுன்னே உயிர் போயிற்று." டெனிஸ் சிரித்தான். ஆனாலும் ஒரு எழுத்து மாற்றாமல் படித்து, தாளை மடித்து, என் கையாலேயே டப்பாவில் போட்டேன். அந்த எண் அன்றைக்கு நாலு பேருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

நாலாவது ஆள் எல்டன். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்னாள் ராணுவத்தார் மன்றத்தின் பின்னறையில் எங்களோடு உட்கார்ந்து நாலுகுதிரை வண்டி ஓட்டுவான். எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம் என்றால் இந்த மனுஷன் வண்டிக்காரனைக் கற்பனை செய்தான். ஐசாயா க்ரம் என்று பெயர். ஆறு வருஷமாக உயிரோடு இருந்த ஒரே ஆள் அவன்தான்.

அந்த அக்டோபர் ஞாயிறு, எல்டன் பிளம்ஸ் வைத்த கொலாச்சி பன்கள் ஒரு தட்டு கொண்டுவந்தான். அவன் தொடவில்லை.

"செவ்வாக்கிழமை ஒமாஹா ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றான். "நெஞ்சைத் திறக்கறாங்க. மூணு ரத்தக்குழாய் அடைச்சிருக்காம்."

யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான்தான் சொன்னேன்.

"ரம்பத்தாலதான் அறுப்பாங்க. நடு எலும்பை. நேரா."

"வெர்லின்!" என்று மார்லிஸ் அதட்டினாள்.

"சுத்தமா அறுத்தா நல்லா ஒட்டிக்கும்னு சொல்ல வந்தேன்."

"ரொம்ப ஆறுதலா இருக்குப்பா," என்றான் எல்டன்.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று டெனிஸ் கேட்டான்.

"என் இதயம் இருக்கிற லட்சணத்துக்கு, நூத்துல தொண்ணூத்திரெண்டு பேர் பொழைப்பாங்களாம்." எல்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சரி, வண்டி எங்க நின்னுச்சு?"

வண்டி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. மறுகரையில் மார்லிஸின் கொள்ளைக்காரர்கள் மூன்று பேர். ஒருவன் ஐசாயா க்ரமைச் சுட்டான். குறி தப்பவில்லை. மார்லிஸ் பகடையை உருட்டினாள். சிவப்பில் ஒன்பது. வெள்ளையில் மூன்று.

மேசை நடுவில், எல்லார் கண்ணெதிரிலும்.

எல்டன் தாளை எடுத்தான். வரியை விரலால் தேடினான். தேடவே வேண்டியதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான்.

"இடது கை. சதையில மட்டும். ரெண்டு வாரம் கட்டுப் போடணும்."

டெனிஸ் வாயைத் திறந்தான். மார்லிஸ் ஒரு கொலாச்சியை எடுத்து அதற்குள் திணிக்காத குறையாக நீட்டினாள். "சாப்பிடு," என்றாள்.

எனக்குக் காது சுட்டது. நான் படித்தேனே! என் ஹேவர்டியை நான் படித்தேனே! இவன் மட்டும் என்ன ஒசத்தி? அடப்பாவி, பொய் சொல்வதென்றால் எண்ணையாவது கையால் மறைத்துக்கொள்ளக் கூடாதா? கத்துவதற்காகத்தான் எழுந்தேன். அப்போதுதான் தாள் அவன் கையில் ஆடுவதைப் பார்த்தேன். எல்டனுக்குக் கை ஆடி நான் பார்த்ததில்லை. அறுபது குழந்தைகளைப் பனியில் ஏற்றிக்கொண்டு போகிறவன்.

தொண்ணூற்றிரண்டு பேர் பிழைப்பார்கள். அதற்கு அடுத்த எண் தொண்ணூற்று மூன்று. என் மரமண்டைக்கு இது ஏற இவ்வளவு நேரம் ஆயிற்று.

"ரெண்டு வாரமா?" என்று சத்தம் போட்டேன். எழுந்துவிட்டேனே, ஏதாவது கத்தித்தானே ஆக வேண்டும். எல்டன் முகம் வெளுத்தது. "ஒழுங்காப் படிய்யா. சதைக் காயத்துக்கு ஆறு வாரம். எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா?"

எல்டன் தாளை ஒருமுறை பார்த்தான். என்னை ஒருமுறை பார்த்தான்.

"ஆமா, ஆறுதான்," என்றான். "கண்ணாடி போடல."

"ஆறு வாரம் கழிச்சு, காயத்தால வர்ற ஜுரத்துக்கு உருட்டணும். பட்டவன் கையாலதான் உருட்டணும். போன்ல சொல்றது, ஆள் அனுப்பறது எதுவும் செல்லாது. நீ இங்க வந்து உருட்டணும்."

"இப்படி ஒரு விதி எப்ப..." என்று டெனிஸ் வாய் நிறையப் பன்னோடு ஆரம்பித்தான்.

"எப்பவும் இருக்கு. நீ புள்ளி எண்ணிட்டு இருந்த, கவனிக்கல."

மார்லிஸ் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள். "எவ்வளவுக்குக் கீழ விழுந்தா சாவான்?"

"முப்பது," என்றேன்.

ஏன் முப்பது என்றேனோ! ஐந்து என்றிருக்கலாம். பழக்கதோஷம். நூறு வரி எழுதிய கை, இரக்கமாக ஒரு எண் அதற்கு வரமாட்டேன் என்றது.

செவ்வாய்க்கிழமை அறுத்தார்கள். அன்று ராத்திரி உள்ளே ரத்தம் கசிந்து, மறுபடி திறந்தார்கள். ஒன்பது நாள் அவன் மனைவி போனை எடுக்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "இன்னும் ஒண்ணும் சொல்லல." கடையில் நான் வெட்டிய துண்டெல்லாம் இரண்டு விரல்கடை தடிமனாகப் போயின. கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். மனுஷனுக்கு நாற்பது புள்ளி இருந்தால்தான் யாருக்கு என்ன நஷ்டம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. டெனிஸிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயுளுக்கும் விடமாட்டான்.

ஆறு வாரம் எட்டு வாரமாயிற்று. டிசம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம், எல்டனை அவன் மனைவி காரில் கொண்டுவந்து இறக்கினாள். கோட்டு அவனுடையதுதான், உள்ளே பாதி ஆள்தான் இருந்தான்.

"முதல்ல உக்காரு," என்றாள் மார்லிஸ்.

"ஜுரம் முதல்ல," என்றான் எல்டன். "ரெண்டு மாசமா அதையேதான் நினைச்சிட்டுக் கிடந்தேன்."

பகடைகளைக் கையில் எடுத்தான். குலுக்கினான். போட்டான். வெள்ளை மேசையில் நின்றது. நாலு. சிவப்பு ஓரத்தில் தட்டி, கீழே விழுந்து, வெந்நீர்க் கணப்புக் குழாய்களுக்கு அடியில் ஓடிவிட்டது. எல்டன் குனியப் போனான்.

"அசையாத!" என்று மார்லிஸ் கத்தினாள். "குனியக் கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்பியிருக்காங்க?"

நான் குப்புறப் படுத்தேன். என் உடம்புக்கு அது சின்ன வேலையில்லை. குழாய்க்கு அடியில் கையை விட்டேன், மணிக்கட்டு சுட்டது. தூசிக்கு நடுவில் சிவப்புப் பகடை நின்றிருந்தது. மேலே பூஜ்யம். பூஜ்யமும் நாலும். நாலு.

பகடையில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஹேவர்டி டப்பாவுக்குள் கிடக்கிறான், சாட்சி வேண்டுமானால்.

"ஏழு," என்றேன் தரையிலிருந்து. "எழுபத்தி நாலு."

"இரு இரு, எடுக்காத, நானும் பாக்கறேன்," என்று டெனிஸ் பக்கத்தில் மண்டியிட்டான்.

பகடையை வாரி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். "படிச்சவன் சொன்னதுதான் முடிவு. எத்தனை வருஷமா ஆடுற, விதி தெரியாதா?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எல்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழா?" என்றான்.

"ஏழு."

"கண்ணாடி போட்டிருந்தியா?"

"போடல," என்றேன்.

எல்டன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஆற்றில் குதிரைகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றனவா என்று மார்லிஸிடம் கேட்டான்.